செம்பருத்தி இலையில் தண்ணீர்

அவன் குளுக்கோஸ் குழாயின் சக்கரத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கினான்.

இப்போது சரி. ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. செம்பருத்தியின் மேல் இலையில் விழுந்து, கீழ் இலைக்கு வழிந்து, நுனியில் தொங்கியது.

பச்சோந்திக் குஞ்சு ஒரு கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது. கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதற்குள் அப்படியொரு நிதானம்.

எதிரே கட்டிலில் அவன் மனைவி சண்முகவடிவு கிடந்தாள்.

குஞ்சு அவளால் வந்ததுதான். மின்கம்பியில் உரசுகிறது என்று தெருப் பூவரசை வெட்டியபோது, விழுந்த கிளையில் அது ஒட்டிக்கொண்டிருந்ததைப் படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"கல்லெறிஞ்சே கொன்னுருவானுவ. எடுத்துட்டு வாங்க."

அப்போது அவளுக்கு அவ்வளவு பேச்சு மிச்சமிருந்தது.

துணி காயப்போடும் ஸ்டாண்டைச் சுற்றிக் கொசுவலையை வைத்துத் தைத்தான். உள்ளே செம்பருத்தித் தொட்டி. ஏறி இறங்கக் குச்சிகள். வெயில் வராத நேரத்துக்கு ஒரு குண்டு பல்பு. அழுகிய வாழைப்பழத்தை டப்பாவில் போட்டு வைத்தால் அது தின்ன ஈயும் ஆயிற்று.

"வீட்டுல மனுஷி கெடக்க கெடையில, ஓணானுக்கு அரமனை கட்டுதான்" என்றாள் பிரம்மு அக்கா. அவனுடைய அக்கா. வடிவைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பவள். சொல்லிவிட்டு அவளே ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள்.

தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் வைத்தான். தளும்பத் தளும்ப. தினமும் மாற்றினான்.

குஞ்சு அதைத் தாண்டி நடந்து போயிற்று. ஒரு நாளும் வாய் வைக்கவில்லை.

தாகம் இல்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

அதன் கண்கள் உள்ளே போயின. தோல் சுருங்கிச் சாம்பல் பூத்தது. தேங்கி நிற்கும் தண்ணீர் அதன் கண்ணுக்குத் தண்ணீராகவே படாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

கண்டுபிடித்தது வடிவுதான். செடிக்கு அவன் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பியபோது, குஞ்சு இலை நுனியை நக்கிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பேச வரவில்லை. விரலைத் தூக்கிக் காட்டினாள்.

அதற்குப் பிறகு அந்தக் கை எழும்பவில்லை.

அன்றைக்குத்தான் நர்ஸும் வந்தாள். இரண்டு கையையும் தட்டித் தட்டிப் பார்த்தாள். நரம்பு அகப்படவில்லை. இனி குளுக்கோஸ் ஏற்ற வேண்டாம் என்று பழைய ஊசியையும் உருவினாள். தண்ணீர் கொடுத்தால் புரையேறும், கேட்டால் மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குளுக்கோஸ் பாட்டில் மிஞ்சியது. கழுவித் தண்ணீர் நிரப்பி, செடிக்கு மேலே ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டான்.

குஞ்சு பச்சை பிடித்தது. வெளியே சொல்ல வெட்கமாக இருந்தாலும், அவனுக்கு உள்ளுக்குள் ஓர் அசட்டு நம்பிக்கை. அது தேறினால் இவளும் தேறிவிடுவாள்.

வடிவின் தலைமாட்டில் எவர்சில்வர் டம்ளர், மூடி போட்டு. காலையில் அக்கா தண்ணீரை மாற்றி வைப்பாள். பழைய தண்ணீர் செடிக்குப் போகும்.

வடிவு கேட்கவில்லை.

"தாகமே இல்ல போல" என்றாள் அக்கா.

இன்று காலையிலேயே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. அறையில் யாரும் உட்காரவில்லை.

"உசிரு எதுக்கோ ஏங்கிக் கெடக்கு. பாலை ஊத்திருவோம்யா. மொதல்ல நீ ஊத்து" என்றாள் அக்கா.

நேற்று அக்கா இதையே சொன்னபோது எரிந்து விழுந்தான். இன்று கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டான். வடிவு மூச்சு இழுப்பதை இனியும் கேட்க அவனிடம் தெம்பில்லை.

ஸ்பூனைச் சாய்த்தான். ஒரு சொட்டுத்தான் விழுந்தது. கீழுதட்டில் நின்றது.

எல்லாரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் உதட்டைப் பார்த்தான்.

நாக்கு வந்தது. வெளுத்து, நடுவில் வெடித்திருந்த நாக்கு. மெல்லச் சொட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று.

மறுபடி வந்தது. வந்து, அங்கேயே நின்றது.

அவன் ஸ்பூனைக் கிண்ணத்தில் போட்டான்.

"இன்னொரு சொட்டு ஊத்துய்யா. நிம்மதியாப் போயிரட்டும்" என்றாள் அக்கா, அழுதுகொண்டே.

அவன் பால் கிண்ணத்தைத் தரையில் வைத்தான். ஜன்னலுக்குப் போய்க் கொசுவலையை விலக்கினான். பாட்டிலைக் கழற்றி வந்து, அவளுக்காக முன்பு அடித்திருந்த ஆணியில் மாட்டினான். குழாயின் நுனியைச் சட்டையில் துடைத்து அவள் உதட்டுக்கு மேலே பிடித்தான்.

யாரோ "என்ன செய்யுதான்?" என்று கேட்டார்கள்.

சக்கரத்தைத் தளர்த்தினான். ஒரு சொட்டு.

நாக்கு எடுத்துக்கொண்டது.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு. அதையும்.

வலைக்குள் குஞ்சு, காயத் தொடங்கியிருந்த இலையின் நுனிவரை நடந்து போய் நின்றது.

பாட்டிலில் தண்ணீர் அடிமட்டத்தில்தான் இருந்தது. அவன் திரும்பவில்லை.

"தண்ணி கொண்டாக்கா."

அக்கா கையை நீட்டித் தலைமாட்டு டம்ளரின் மூடியை எடுத்தாள்.

தளும்பத் தளும்ப இருந்தது.