நீக்க நீக்க வந்த பேர்

மறுபடியும் அந்தப் பேர் டிவியில் வந்து நின்றது.

நர்மதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்றுக் காலையில்தான் மெனக்கெட்டு உட்கார்ந்து, எந்தப் பட்டனை எத்தனை தடவை அமுக்குவது என்று தேடித் தேடி, கேம் பெட்டியின் ஃப்ரெண்ட் லிஸ்ட்டிலிருந்து 'நவீன் சிங்கம்' என்ற பேரைத் தூக்கியிருந்தாள். இன்றைக்குப் பார்த்தால் அது பாட்டுக்குப் பச்சைப் புள்ளியோடு உட்கார்ந்திருக்கிறது.

சிங்கம் வேறு யாருமில்லை. அவள் கணவன் குணசீலனுடைய சொந்த அண்ணன் அன்பரசுவின் மகன் நவீன்குமார்தான். ஒன்றரை வருசமாக அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஜலகண்டாபுரத்தில் புது வீடு கட்டிக் குடிபோன அன்பரசு, தம்பியை நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையை வாட்ஸப்பில் தட்டிவிட்டுவிட்டார். பங்காளியைத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாமல், போகிற வருகிறவனுக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பினால் எந்தத் தம்பிக்குப் பொறுக்கும்? அன்றைக்கு முறுக்கிக்கொண்ட குணசீலன் இன்னும் இறங்கி வரவில்லை.

பிள்ளைகள் மட்டும் அவரவர் வீட்டிலிருந்தே இந்தப் பெட்டி வழியாகச் சேர்ந்து விளையாடிக்கொண்டிருந்தன. அது தெரியவந்த அன்றைக்குக் குணசீலன் சாமியாடிவிட்டான்.

"அந்த ஊட்டுப் பேரு நம்மூட்டு டிவியில வரப்படாது. உம்புள்ளைய நீதான் கண்டிக்கோணும்" என்றான்.

கோபம் அவனுக்கு, வேலை இவளுக்கு. அடுப்பைப் பார்ப்பாளா, துணியைப் பார்ப்பாளா, சிங்கத்தைப் பார்ப்பாளா?

எட்டாவது படிக்கிற மகள் யுவஸ்ரீயைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டாள்.

"நான் சேக்கலைங்மா" என்றாள் அவள்.

"நீ சேக்காம அது தானா கால் மொளைச்சு வருதா?"

பேரைத் தூக்கிவிட்டு, பெட்டியின் ரகசிய நம்பரையும் மாற்றினாள் நர்மதா. யாராவது புதிதாகச் சேர்ந்தால் தன் போனுக்குத் தகவல் வருகிற மாதிரியும் வைத்தாள். நம்பர் மறந்து தொலைக்குமே என்று குணசீலனிடம் மட்டும் சொல்லி வைத்தாள். இரண்டு நாள் நிம்மதியாக இருந்தது. மூன்றாம் நாள் போன் டிங் என்றது. சிங்கம் வந்துவிட்டது.

நர்மதாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. நம்பரை ஒளிந்திருந்து பார்த்தாயா என்று மகளைப் பிடித்துக்கொண்டாள். இத்துனூண்டு வயதில் இத்தனை கள்ளத்தனம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். பெட்டியை வாங்கிக் கொடுத்த மாமன் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அதை அவரிடமே தூக்கிக் கொடுத்து அனுப்பிவிடுவதாகச் சொன்னாள்.

யுவஸ்ரீக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பொட்டி போனாப் போவுதுங்மா. என்னையப் பொய்க்காரிங்கறீங்களே, அதான்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த குணசீலன், "போச்சாது உடு, சின்னப்புள்ள" என்றான். நர்மதாவுக்கு இன்னும் எரிந்தது. கண்டிக்கச் சொன்னதும் இவர்தான், இப்போது நல்லவர் வேஷம் கட்டுவதும் இவர்தான்.

வெள்ளிக்கிழமை யுவஸ்ரீ பள்ளிக்கூடத்து கேம்ப்புக்கு மூன்று நாள் ஏற்காடு கிளம்பினாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தலை மறைந்ததும் நர்மதா சிங்கத்தை மறுபடி தூக்கினாள். இனி எப்படி வரும், பார்த்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் மாவு மில்லில் வரிசையில் நின்றபோது போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. மகள் மலைமேல் இருக்கிறாள். பெட்டி வீட்டில் இருக்கிறது. பிறகு யார் சேர்த்தது?

அரிசித் தூக்கை அங்கேயே வைத்துவிட்டு வேகுவேகென்று வீட்டுக்கு நடந்தாள். வாசலில் குணசீலனின் செருப்பு கிடந்தது. முட்டை லோடை அனுப்பிவிட்டு வந்து தூங்குகிற நேரம் அவனுக்கு. உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது.

குணசீலன் தூங்கவில்லை. தரையில் சம்மணம் போட்டு, மகளுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இவள் வந்து நிற்பது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நீங்க பொறத்தால நில்லுங்க. முன்னால நான் போறேன். நவீனு ஆஸ்டலுக்குப் போன பொறவு அவம்பேருல நீங்க நல்லாவே ஆடப் பழகிட்டீங்க போங்க."

நர்மதாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. பெற்ற பிள்ளையைப் பொய்க்காரியாக்கி அழவிட்டுவிட்டு, மனுசன் இங்கே அண்ணனோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஓரடி முன்னால் வைத்தாள்.

அந்தப் பக்கம் அன்பரசு என்ன கேட்டாரோ, குணசீலன் ஆட்டத்தை நிறுத்திவிட்டான். குரலும் இறங்கிவிட்டது.

"நர்மதாகிட்டச் சொல்லத்தான் கூச்சமா இருக்குது. யுவஸ்ரீக்கு எல்லாம் தெரியுமுங்ணா. 'அம்மா தூக்கினா தூக்கட்டும், நீங்க மறுக்கா சேத்துக்கங்கப்பா. பெரியப்பாகூடப் பேசறத மட்டும் உட்றாதீங்க, திட்டு நான் வாங்கிக்கறேன்'னு சொல்லிப்போட்டுத்தான் கேம்ப்புக்குப் போயிருக்கறா."