நன்றியில் விடுபட்ட பெயர்

“நன்றி, சோலையம்மாள்” என்று இருட்டில் கண்ணை மூடியபடி சொன்னார் அப்துல் லத்தீப். பக்கத்தில் படுத்திருந்த மனைவி சாதிகாவுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

அதோடு விட்டாரா? “நன்றி, சூர்யபிரகாஷ். நன்றி, தம்பி யாசீன்” என்று நிதானமாக முடித்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். அடுத்த நிமிடமே குறட்டை.

மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்த மனிதர்தான். மகள் ஷைமா பிடிவாதமாக டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாத்திரை வேண்டாம், படுக்கும்போது மூன்று பேருக்குப் பெயர் சொல்லி நன்றி சொன்னால் போதும் என்றாராம் டாக்டரம்மா. லத்தீப்புக்குத் தூக்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து சாதிகாதான் விழித்துக் கிடக்கிறாள்.

பின்னே என்ன? சோலையம்மாள் எதிர்வீட்டுக்காரி. இவர்கள் வாசலை மறித்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, எடுக்கச் சொன்னால் சண்டைக்கு வருகிறவள். சூர்யபிரகாஷ் போன வருஷம் வரை லத்தீப்பின் பாத்திரக்கடையில் தொழில் கற்றுக்கொண்டு, இப்போது நேரெதிரே அதே கடையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறவன். யாசீனோ, வீட்டைப் பாகம் பிரித்தபோது தெருப்பக்கத்தை எடுத்துக்கொண்டு கூடப்பிறந்த அண்ணனைச் சந்துக்குள் தள்ளியவன். இவர்களுக்கெல்லாம் தினம் தினம் நன்றி. கட்டிய மனைவிக்கு மட்டும் ஒன்றுமில்லை.

மறுநாள் காலை அவர் முன்னால் இட்லித் தட்டை வைத்த சத்தம் சந்துமுனை வரை கேட்டிருக்கும்.

“ஏங்க, இம்புட்டு வருசமா உங்களுக்கு வடிச்சுக் கொட்டுறேனே, எனக்கு ஒரு நன்றி சொல்ல வாய் வலிக்குதா?”

“நீ எதுக்கு புள்ள அதுல? உன் பேரெல்லாம் வேணாம்.”

“என் பேரு வேணாமா?”

“அதில்ல சாதிகா. டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா...”

“உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்ப டாக்டரம்மாவா பத்தியக் கஞ்சி வச்சுக் குடுத்துச்சு? உங்கம்மா கெடையில கெடந்தப்ப அந்தச் சோலையம்மாவா வந்து அள்ளிப் போட்டுச்சு? நன்றிய அல்லாவுக்குச் சொன்னாப் போதும். மனுசங்களுக்குத்தான் சொல்லுவேன்னா மொதல்ல எனக்குச் சொல்லிட்டு அப்புறம் ஊரைப் பாருங்க.”

“நீயா எதையாவது நெனச்சுக் கொழப்பிக்காத” என்றபடி அவர் இட்லியைப் பிட்டார். அந்த அலட்சியம்தான் சாதிகாவுக்குப் பொறுக்கவில்லை.

அன்று முழுக்க அவள் அடங்கவே இல்லை. கடைக்குப் போன் போட்டு, ஆட்கள் வியாபாரத்துக்கு நிற்கிறார்கள் என்று அவர் கெஞ்சக் கெஞ்சத் திட்டினாள். மதியச் சாப்பாடு கொடுத்துவிடவில்லை. அவருடைய அக்காவைக் கூப்பிட்டு, “உங்க தம்பி நன்றிகெட்ட மனுசன்” என்று ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். அந்த அக்கா சாயந்திரம் கடைக்கே போய், நாலு பேர் பார்க்கத் தம்பியை நிற்கவைத்துக் கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்பினார்.

லத்தீப் வீட்டுக்கு வந்தபோது முகம் கறுத்திருந்தது. பசிக்கவில்லை என்று நேரே படுக்கப் போனார்.

“இன்னிக்கும் என் பேரு வரல, விடிஞ்சதும் திருப்பரங்குன்றத்துல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஊருக்கெல்லாம் நன்றி சொல்லிக்கிட்டு நீங்களே பொங்கித் தின்னுங்க” என்றாள் சாதிகா, கதவருகே நின்று.

அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். விளக்கை அணைத்தபிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டார். எழுந்து தண்ணீர் குடித்தார். பழைய நாட்கள் திரும்பிவிட்டனவோ என்று சாதிகாவுக்கே பயமாகிவிட்டது.

கடைசியில் குரல் வந்தது. “நன்றி, சாதிகா.”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“நன்றி, சாதிகா” என்றார் மறுபடியும். மூன்றாவது முறையும் அதே பெயர்தான். பிறகு பெருமூச்சு விட்டார்; குறட்டை தொடங்கிவிட்டது.

சாதிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு பாசத்தையும் உள்ளே பூட்டி வைத்திருந்த மனிதரையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று வெட்கப்பட்டாள். அன்றைக்குத்தான் அவளும் நிம்மதியாகத் தூங்கினாள்.

விடிந்ததும் விடியாததுமாகக் கறி வாங்கி வந்து, ஆப்பமும் கறிக்குழம்பும் செய்துவிட்டாள். வாசனைக்கு எழுந்து வந்த ஷைமா, “என்னம்மா, இன்னிக்குப் பெருநாளா?” என்று தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“உங்கத்தா நேத்து எனக்கு நன்றி சொன்னாரு புள்ள. மூணு தடவையும் என் பேருதான். சோலையம்மா, யாசீன் ஒருத்தரும் கெடையாது” என்று பூரித்துப்போய்ச் சொன்னாள் சாதிகா.

வாய்க்குக் கொண்டுபோன ஆப்பத்தை ஷைமா மெதுவாகத் தட்டிலேயே வைத்தாள்.

“யாரை நெனச்சாக் கோவத்துல தூக்கம் வரலையோ, அவங்களுக்குத்தாம்மா நன்றி சொல்லச் சொன்னாங்க.”