மூன்று முறை திரும்பிய தவணை

"ஏனுங்ணா, இந்த மாசமும் தவணை திரும்பிருச்சுங்க."

கடையில் நின்ற இரண்டு பேரும் வர்க்கி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் கிருத்திக் இதைச் சொன்னான். அதையும் மெதுவாகச் சொன்னான்.

பெர்ன்ஹில்லில் வர்க்கி என்றால் சுப்பண்ணன் பேக்கரிதான். மாவு பிசையும் மெஷினுக்காக அவர் கடன் வாங்கிய நிதி நிறுவனத்தில் கிருத்திக்குக்கு வசூல் வேலை. தவணைப் பணம் மாதாமாதம் அவர் வங்கிக் கணக்கிலிருந்து தானாக வந்து சேர வேண்டும். வந்தால்தானே! மூன்று மாதமாக நிறுவனம் வங்கிக்குக் கேட்டு அனுப்புவதெல்லாம் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தது.

"அடடா, மறுபடியுமா? குளிருல நிக்காதீங்க தம்பி, உள்ளே வாங்க. ஜீவிதா, தம்பிக்கு டீ கொண்டா கண்ணு!"

சுப்பண்ணன் முகத்தில் கவலையே இல்லை. வழக்கம்போலத் தவணையையும் அபராதத்தையும் சேர்த்து ரொக்கமாக நீட்டினார். கிருத்திக் வாங்கவில்லை.

"பணம் இல்லாம திரும்பினா அது வேறங்ணா. உங்க கணக்குலதான் பணம் இருக்குதே! மொத மாசம், கடன் குடுத்த அன்னைக்கு நான் இங்க உட்கார்ந்திருக்கறப்பவே நிரப்பின பேங்க் ஃபாரத்துல, கணக்கு நம்பர் தப்பு. சரி பண்ணினோம். அடுத்த மாசம் கையெழுத்து ஒத்துப்போகலைன்னு திருப்பிட்டாங்க. வேற கையெழுத்து வாங்கிட்டுப் போனேன். இந்த மாசம் என்ன காரணம் போட்டிருக்காங்க தெரியுங்களா?"

"என்னங்க?"

"கணக்குக்காரரே நிறுத்தச் சொல்லிட்டாராம்!"

சுப்பண்ணன் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் மனைவி வேலாமணி கை வேலையைப் போட்டுவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள்.

"அடுத்த மாசமும் இப்படி ஆனா உங்க பேரு கெட்டுருங்ணா. வேற எங்கேயும் கடன் கிடைக்காது. என்னையும் கூடலூருக்கு மாத்திடறேன்னு மேனேஜர் சொல்லிட்டாருங்க."

அப்போதுதான் டீயோடு வந்தாள் மகள் ஜீவிதா. டம்ளரை அவள் டக்கென்று வைத்ததில், பாதி டீ மேஜையில் கொட்டியது.

"கூடலூருக்கா? அய்யோ, அது வேண்டாமுங்க!" சுப்பண்ணன் பதறிவிட்டார். "நான்தான் தம்பி பேங்குக்குப் போயி நிறுத்தச் சொன்னேன். அதுக்கு முந்தின மாசம் கையெழுத்தை மாத்திப் போட்டதும் நான்தான்."

"எதுக்குங்ணா?"

"மொதல்ல இந்த 'அண்ணா'வை விடுங்க." சிரித்தார். "நம்ம பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கறமுங்க. பஜ்ஜி தின்னுட்டுப் போற அரை மணி நேரத்துல எல்லாப் பசங்களும் தங்கந்தான். குணம் எங்கே தெரியுது? பக்கத்துக் கடைக்கு வசூலுக்கு வர்ற ஆளு நடுரோட்டுல நின்னு கத்துவான். நீங்க மொத தடவை தவணை கேட்டு வந்தப்ப, கடையில ஆளிருக்குதுன்னு ஓரமா ஒதுங்கி நின்னீங்க. இன்னும் ரெண்டு வாட்டி வரவெச்சுப் பாத்துரலாம்னு வேலாமணிதான் சொன்னா. அபராதம் போனாப் போகுது, புரோக்கர் கமிஷனைவிடக் கம்மிதானுங்க!"

கிருத்திக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீயை ஊதாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். ஜீவிதா தலையைக் குனிந்துகொண்டு, கொட்டாத இடத்தையும் சேர்த்துத் துடைத்தாள்.

"நாளைக்கே பேங்குல சொல்லிச் சரி பண்ணிடறேன். நீங்க அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க," என்ற சுப்பண்ணன் சட்டென்று நெற்றியைச் சுருக்கினார். "ஆனா ஒண்ணு மட்டும் புரியலீங்க தம்பி. மொத மாசம் நாங்க ஒண்ணுமே பண்ணலையே? பாஸ்புக்கைப் பாத்துத்தானே ஃபாரத்தை நிரப்புச்சு நம்ம ஜீவிதா?"

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"கடைசி நம்பரை நான்தானுங்கப்பா மாத்தி எழுதினேன்," என்றாள் ஜீவிதா. "சரியா எழுதிக் குடுத்துட்டா, இவரு எதுக்கு மறுபடி வரப்போறாரு?"