முன் சீட்

ஐறீன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே இரண்டு தரம் இருமினாள்.

"தாங்கேலாமக் கிடக்கு, சேர். ஒரே கறுப்புப் புகை. கொடியில போட்ட உடுப்பெல்லாம் கரி. சின்னப் பிள்ளையள் இருக்கிற ஒழுங்கை இது."

புகை கக்கும் வாகனங்களைப் பற்றி முறைப்பாடு எடுக்கும் அலுவலகம் அது. மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். "வாகன நம்பர் தெரியுமா, மிஸ்?"

தெரியாமல் என்ன? எழுத்தும் இலக்கமுமாக மூச்சு விடாமல் ஒப்புவித்தாள். "பழைய டீசல் கார், சேர். சாம்பல் நிறம்."

"ஓனர் ஆரெண்டு தெரியுமா?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?" என்று போனை வைத்தாள்.

ஓனர் பிறெடி. அவளுடைய புருஷன்.

அந்தக் காரின் புகை ஐறீனுக்குப் புதிதில்லை. கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் சுவாசிக்கிறாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. புதிதாக வந்தது முன் சீட்டில் இருக்கும் டெனிஷா.

வெள்ளவத்தையில் பிறெடி வேலை செய்யும் அலுவலகத்தில் அண்மையில்தான் சேர்ந்தவள். வீடு ஜிந்துப்பிட்டியில். காலையில் ஒழுங்கை முனைக்கு வந்து நிற்பாள், பிறெடி ஏற்றிக்கொண்டு போவான். "ஒரே ஒபிஸ், ஒரே வழி. அந்தப் பிள்ளை ஏன் பஸ்ஸில நசிபடோணும்?" என்பான்.

மாடி வராந்தாவில் நின்று ஐறீன் தினமும் பார்ப்பாள். ஏறியதும் அந்தப் பெட்டை கண்ணாடியை முழுக்க இறக்கிவிடுவாள். தலைமயிர் பறக்கும். உடனே லேஞ்சியை எடுத்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொள்வாள். என்ன வெட்கம்! இந்த மனுசன் அப்படி என்ன பகிடி விடுகிறானோ, பொத்திப் பொத்திச் சிரிக்கிறாள். என்னோடு போகும்போது மட்டும் கியரோடுதான் கதைப்பான்.

அதற்குப் பிறகு ஐறீனின் மனம் காரின் பின்னாலேயே ஓடும். காலிமுகத்திடலைத் தாண்டும்போது கடல்காற்று அந்தத் தலைமயிரை அள்ளிப் பிறெடியின் தோளில் போடும். அந்த இடம் வரும்போது அடுப்பில் கறி அடிப்பிடித்திருக்கும்.

கார் ஓடினால்தானே முன் சீட்? அதனால்தான் அந்தப் போன்.

சொன்னது வீண்போகவில்லை. காரைப் புகைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லி பிறெடிக்கு அழைப்பு வந்தது. வருஷா வருஷம் அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவன் பரிசோதனைக்கு முதல்நாள் புகை அடங்க டீசல் பம்பைக் குறைத்துவிடுவான், பாஸானதும் திரும்பக் கூட்டிவிடுவான். இந்த முறை அவன் கட்டாருக்குப் போய்விட்டான்.

பிறெடி அன்று நடந்து வந்தான்.

"கார் எங்கயப்பா?"

"கராஜில. புகை அளக்கிற மிசினுக்கே மூச்சு நிண்டுபோச்சு. எஞ்சினை இறக்கித் திருத்துமட்டும் ரோட்டில ஓடக்கூடாதாம்." கதிரையில் பொத்தென்று விழுந்தான். "ஆரோ போனில சொல்லிக் குடுத்திருக்கினம், ஐறீன்."

"ஆராம்?"

"பேர் சொல்லமாட்டினமாம். ஆனா ரெண்டு பேர். ரெண்டும் பொம்பிளையளாம்."

ஐறீனின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. அவள் எடுத்தது ஒரேயொரு போன். மற்றவள் ஆர்? எதிர்வீட்டுக்காரியாய் இருக்கும். அவளும் உடுப்புக் காயப்போடுகிறவள்தானே.

"அப்ப அந்தப் பிள்ளை?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டாள்.

"டெனிஷாவோ? இனிப் பஸ்தான். பாவம்."

அந்தப் 'பாவம்' கொஞ்சம் குத்தியது. என்றாலும் அன்று பிறெடிக்கு இறால் குழம்பு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், கேக் பெட்டியும் கையுமாக டெனிஷா. ஐறீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காரை நிற்பாட்டினால் வீட்டுக்கே வந்துவிட்டாளே!

பிறெடிக்கு வாயெல்லாம் பல். "வாங்கோ, வாங்கோ. ஒபிசில சொன்னன்தானே, ரெண்டு பொம்பிளையள் சேர்ந்து என்ர காரைப் படுக்க வைச்சிட்டினமெண்டு! ஆக்கள் மட்டும் ஆரெண்டு தெரியட்டும், இருக்கு அவையளுக்கு. இருங்கோ, சோடா வாங்கிக்கொண்டு ஓடி வாறன்."

அவன் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை டெனிஷா காத்திருந்தாள். பிறகு ஐறீனுக்குக் கிட்ட வந்தாள்.

"அக்கா, அண்ணை இல்லாத நேரத்தில உங்களிட்ட ஒண்டு சொல்லோணும். கனநாளா நெஞ்சுக்குள்ள வைச்சு அடக்கிக்கொண்டிருக்கிறன்."

ஐறீன் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லு."

"அவர் கூப்பிட்டா மாட்டனெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை, அக்கா. எத்தினையோ தரம் சொல்லப் பாத்தனான். அவ்வளவு நல்ல மனுசன். அந்த முகத்தைப் பாத்தா ஒண்டும் சொல்லேலாது."

"அதுக்கு?"

"கடைசியில செய்யக்கூடாத வேலையொண்டு செய்துபோட்டன். உங்கட முகத்தைப் பாக்கவே வெக்கமாக் கிடக்கு."

ஐறீனின் கண்கள் நிறைந்துவிட்டன. "என்னடி செய்தனீ?"

டெனிஷா வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ரெண்டு பேரில ஒருத்தி நான்தான், அக்கா."