கதவுக்கு வெளியே ஒரு காப்பீடு

காலையில் கண் விழித்ததும், "இன்று நான் எதைச் செய்யக்கூடாது?" என்று தன் மணிக்கட்டுப் பட்டையிடம் கேட்டுவிட்டுத்தான் கட்டிலைவிட்டு இறங்குவது இளவழகனின் வழக்கம். தனக்குப் பிறகு மனைவிக்கும் மகளுக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று, இருப்பவற்றிலேயே பெரிய ஆயுள் காப்பீட்டை அவன் எடுத்திருந்தான். அவன் ஆபத்தை நெருங்கினால், காப்பீட்டு நிறுவனம் கட்டிவிட்ட அந்தப் பட்டை கண்டுபிடித்துத் தொகையைக் குறைத்துவிடும். ஆகவே பைக்கை விற்றான், கடலில் கால் நனைப்பதை விட்டான், ஊறுகாயைக்கூட மறந்துபோனான்.

மகள் நறுமுகைக்குத் தொற்றுக் காய்ச்சல் கண்டபோது, "அந்த அறைக்குள் நுழைய வேண்டாம்" என்றது பட்டை. அன்றுமுதல் அவன் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தான்.

கஞ்சிக் கிண்ணத்தோடு வந்த மனைவி கயல்விழி அவன்முன் நின்றாள். "ராத்திரி முழுக்க அப்பா, அப்பான்னு அனத்தினா. காதுல விழுந்துச்சா?"

"எல்லாம் உங்களுக்காகத்தானே, கயல்?"

"ரொம்ப நல்லா இருக்குங்க. நீங்க செத்தா எங்களுக்கு எல்லாம் கிடைக்கும். உசுரோட இருக்கிறவரைக்கும் நீங்கதான் கிடைக்க மாட்டீங்க."

அவன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

நறுமுகை சுவரோரம் ஒதுங்கிப் போர்வையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "கிட்ட வராதீங்கப்பா. தொகை குறைஞ்சிடும்."

அந்தப் பயத்தைக் குழந்தைக்குப் பழக்கியவன் தானே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"குறையட்டும்டா கண்ணு. அப்பா பண்ணினது தப்பு" என்று அவளை மடியில் சாய்த்துக்கொண்டான்.

தொகை பாதியாகிவிட்டது என்று பட்டை இனிய குரலில் அறிவித்தது. சற்று நேரத்தில் மறுபடியும் குறைத்தது. அது பேசும்போதெல்லாம் குழந்தையின் உடம்பு நடுங்கியது. இளவழகன் பட்டை கட்டிய கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு, மறுகையால் கஞ்சியை ஊட்டத் தொடங்கினான்.