வாரம் ஒருத்திக்கு நாற்காலி

இறால் உரிக்கும் கொட்டகையில் நாற்பது பெண்களும் நின்றபடிதான் வேலை செய்ய வேண்டும். புது மேனேஜர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். வாரத்தில் அதிகம் உரிப்பவள் சனிக்கிழமை பத்து நிமிடம் அதில் உட்காரலாம். அதைப் பார்த்து மற்றவர்களுக்கு ஊக்கம் வருமாம். முழங்கால் வீங்கிய பிலோமினா அந்தப் பத்து நிமிடத்துக்காகவே ஆறு நாளும் பேய் மாதிரி உரித்து ஜெயித்தாள். கால் இன்னும் வீங்கியதுதான் மிச்சம்.

"உக்காருங்கக்கா. எல்லாரும் கைதட்டுங்க!" என்றார் மேனேஜர்.

"மகாராணி, கிரீடம் எங்கட்டி?" என்றாள் பக்கத்து மேசை செல்வமேரி.

உட்கார்ந்த பிறகுதான் மேசைகளுக்கு அடியில் இருந்த கால்கள் பிலோமினாவின் கண்ணில் பட்டன. ஒன்றுகூட ஓரிடத்தில் நிற்கவில்லை. செல்வமேரி இடது காலைத் தூக்கி வலது காலின் மேல் வைத்தாள், மாற்றினாள், மறுபடி மாற்றினாள். மடியில் கிடந்த பிலோமினாவின் விரல்கள், அங்கே இல்லாத இறாலின் தலையைத் திருகிக்கொண்டிருந்தன.

"நேரமாச்சுக்கா, எந்திரிங்க."

பிலோமினா எழுந்தாள். "ஏட்டி மேரி, வா, நீ உக்காரு."

"ஜெயிச்சவங்க மட்டும்தான்க்கா" என்று மேனேஜர் நாற்காலியை இழுத்தார். அது வரவில்லை. பிலோமினா ஒற்றைக்காலில் நின்று, வீங்கிய காலை நாற்காலியின் காலோடு கோத்துக்கொண்டிருந்தாள்.