அறுபதாவது நாள்

“செத்தவங்க போட்ட கையெழுத்து கோர்ட்டுல செல்லாதும்மா. நீங்கதான் உயிரோட எதிர்ல உட்கார்ந்திருக்கீங்களே, போடுங்க!”

தன் நகைச்சுவைக்கு வக்கீல் ஹாடிக்ஸ் தானே சிரித்தார். எதிரே இருந்தவள் சிரிக்கவில்லை. பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுமுன் கேட்டுப் பார்க்கும் கடன் தகவல் கம்பெனியின் ஏட்டில் வெர்னா பிக்கெட் இறந்துபோனவள். குடியிருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். செத்தவளுக்கு டேட்டன் நகரில் எவன் வாடகைக்கு வீடு கொடுப்பான்? ஒன்பது வீட்டுக்காரர்கள் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் கம்பெனி மேல் இந்த வழக்கு.

கம்பெனி சமரசத்துக்கு இறங்கி வந்தது. அறுபது நாளுக்குள் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நானே தள்ளுபடி செய்துவிடுவேன் என்று நீதிபதி கெடு வைத்தார். ஐம்பத்தொன்பது நாளையும் அவள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டாள். இன்று அறுபதாவது நாள், மணி நாலரை.

“அஞ்சு மணிக்குள்ள இது போகலைன்னா வழக்கும் போச்சு, சமரசமும் போச்சு. மோட்டல் ரூமை வேற நாளைக்குக் காலி பண்ணணும்னீங்க. இந்தப் பனியில காருக்குள்ளயா படுப்பீங்க?”

“வெர்னா பிக்கெட் ஆகிய நான் உயிரோட இருக்கேன்னு சத்தியம் பண்ணச் சொல்லுதே சார் இது.”

“பின்னே? அதுல என்னம்மா சந்தேகம் உங்களுக்கு?”

அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “போட்டுட்டா, இதை யாரும் மறுபடி கிளற மாட்டாங்களே?”

“அவங்களாலயும் முடியாது, உங்களாலயும் முடியாது. கோர்ட்டு ஒரேயடியா மூடிடும்.”

கையெழுத்துப் போட்டாள். ஹாடிக்ஸ் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி நீதிமன்றத்துக்கு அனுப்பிவிட்டுப் பெருமூச்சு விட்டார். அவளைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

“தங்கச்சி நினைப்புதானே? ஜெயில்லேர்ந்து வந்தவன்னு ஜோலீனுக்கு எவனும் வீடு தரலை. உங்ககூட வந்து தங்கி, ரெண்டே மாசத்துல போய்ச் சேர்ந்துட்டா. தவணையில சோபா கொடுத்த கடைக்காரன், செத்தது அக்காவா தங்கையான்னு குழம்பி, உங்க பேரைக் கம்பெனிக்கு எழுதி அனுப்பித் தொலைச்சிருக்கான். கடையும் இப்ப இல்லை, அவனைப் பிடிச்சுக் கேக்கவும் முடியாது.”

“ஆமா சார்.”

“கம்பெனி பணம் வந்ததும் முதல் வேலையா அவ குழிமேல ஒரு கல்லு வைங்க. பேரை நல்லாப் பெருசா வெட்டி.”

“கல்லு வேண்டாம் சார்.”

“ஏம்மா?”

“பேர் வெட்டணுமே.”

ஹாடிக்ஸுக்குப் புரியவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று விட்டுவிட்டார்.

நாதியற்றவர்களை அரசு செலவில் புதைக்கும் மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. அங்கே யாருக்கும் கல் கிடையாது, நம்பர் போட்ட தகடுதான். இருட்டுவதற்குள் வந்து சேர்ந்தவள் 318-ஐத் தேடிப் பிடித்து, மண்டி போட்டு, தகட்டின் மேலிருந்த பனியைக் கையாலேயே துடைத்தாள்.

அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை பீறிட்டது.

“மன்னிச்சுடு அக்கா, நீ செத்துட்டேன்னு சரியா எழுதி வச்சிருந்தது அந்தக் கம்பெனி மட்டும்தான்!”